யார் வீட்டுப் பெண் என்று கேட்காதவர்

இரண்டு வருடங்களுக்கு முன் நடந்தது. நான் வாக்கப்பட்டு வந்தது திருச்சுழிப் பக்கம். கணவர் வீட்டில் உரக்கடை வைத்திருக்கிறார்கள். ஆறாம் மாதத்தில் என் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. அதற்குப் பிறகு தூக்கம் போயிற்று. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பேன், கை காய்ந்துவிடும். யாராவது ஆலோசகரிடம் பேசினால் மனசு லேசாகும் என்று அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனவர் என் கணவர்தான்.

மாடியில் ஓர் அறை. வாசலில் 'மனநல ஆலோசகர்' என்று பெரிய போர்டு. உள்ளே சுவர் முழுக்க அவர் பொன்னாடையும் கேடயமும் வாங்குகிற போட்டோக்கள். கணவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நீங்க எந்த ஊரு, யாரு வீடு?"

எங்கள் பக்கம் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கூட அதைத்தான் கேட்பார். நானும் பிறந்த வீட்டைச் சொன்னேன். "அட, உங்கப்பாவுக்கு நான் தம்பி முறையில்ல? அப்ப நீ எனக்கு மக. சித்தப்பான்னே கூப்பிடும்மா" என்றார்.

அந்த ஒரு சொல்லில் உருகிப்போனேன். சொந்தக்காரர், வெளியே விடமாட்டார் என்று நம்பி, அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். இன்னொரு பிள்ளையை நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது, இப்போதைக்கு வேண்டாம், ஆனால் இதைக் கணவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அதற்குத்தான் வழி கேட்டேன். அடுத்த பிள்ளை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அடுத்த மாதம் பந்தல்குடியில் ஒரு காதுகுத்து. அந்தச் 'சித்தப்பா'வும் வந்திருந்தார். பந்தியில் என் மாமனாருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். தப்பாக எதுவும் தோன்றவில்லை. சாப்பிட்டு எழுந்த கொஞ்ச நேரத்தில் என் மாமியார், நாலு சொந்தங்கள் நிற்கும்போதே கேட்டார்.

"பிள்ளையே வேணாம்னு சொல்லிட்டியாமுல்ல? இந்த வீட்டுக்கு வாரிசு வேணுமா வேணாமான்னு நீ மட்டும் முடிவு பண்ணுவியோ?"

பக்கத்தில் என் கணவர் நின்றிருந்தார். அவருக்கு அப்போதுதான் விஷயமே தெரியும். அவர் முகம் செத்துப்போனது. கோபம்கூட இல்லை. "எங்கிட்டச் சொல்லணும்னு உனக்குத் தோணலையா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நேராக அந்த ஆலோசகர் நின்ற கை கழுவும் இடத்துக்கே போனேன். "உங்களை நம்பித்தானே சொன்னேன்? அதை ஏன் சபையில போட்டீக?" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே கையைத் துடைத்தார். "வெளியாளுககிட்டயாம்மா சொன்னேன்? உங்க மாமனாரு எனக்குச் சம்பந்தி முறை. எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

"நீங்க இதுக்கு என்ன படிச்சிருக்கீக?"

அப்போதுதான் சிரிப்பு நின்றது. "மூத்தவுககிட்டக் கேக்குற கேள்வியா இது?" என்று சொல்லிவிட்டு வெற்றிலைத் தட்டுப் பக்கம் போய்விட்டார். ஏதோ தன்னம்பிக்கைப் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்ததுதான் அவர் படிப்பு என்று பிறகு தெரிந்தது. காய்ச்சலுக்கு ஊசி போடுகிறவர் படித்திருக்க வேண்டும், மனசுக்குள் கையை விடுகிறவருக்கு மட்டும் போர்டு போதுமா?

அதன் பிறகு மனசில் இருப்பதைக் கணவரிடம்கூட நான் சொல்லவில்லை. விசாரித்து, வேறு ஊர் அரசு மருத்துவமனையில் இருந்த ஓர் ஆலோசகரிடம் கணவர் கூட்டிப்போனார். போகவே பிடிக்கவில்லை. உட்கார்ந்ததும் பழக்க தோஷத்தில், "நாங்க திருச்சுழிப் பக்கம், எங்க மாமனாரு..." என்று ஆரம்பித்தேன்.

"அது வேண்டாங்க. நீங்க யாரு வீடுங்கிறது எனக்குத் தேவையில்லை" என்றார் அந்தம்மா. பிறகு தான் என்ன படித்தவர், எங்கே பயிற்சி எடுத்தவர், எப்படிப் பேசிப் பேசி வைத்தியம் பார்ப்பவர் என்று அவரே சொன்னார். "நீங்க சொல்றது இந்த அறையை விட்டுப் போகாது. உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும் சொல்ல வேண்டி வரும், அதையும் முடிஞ்சவரை உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் செய்வேன். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். நான் சரிப்படலைன்னா நிறுத்திக்கலாம், வேற ஆளைக் கேட்டா நானே கைகாட்டுறேன். இதெல்லாம் நான் காட்டுற சலுகை இல்லை, உங்க உரிமை."

நான் அழுதேன். ஆறுதலால் இல்லை, கோபத்தால். இத்தனையும் என் உரிமை என்றால், முதல் நாளே அந்த மாடியில் ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை?

பல தடவை போய்ப் பேசிய பிறகு, ஒரு நாள் திரும்பி வரும் பஸ்ஸில் நானாகவே கணவரிடம் எல்லாம் சொன்னேன். "உனக்கு எப்பத் தோணுதோ அப்பப் பாத்துக்கலாம்" என்றார். இவ்வளவு சுலபமாக முடிந்திருக்க வேண்டிய பேச்சு அது.

போன தை மாதம் ஒரு கல்யாணத்தில் அந்தச் 'சித்தப்பா' எதிரே வந்தார். "நல்லாருக்கியாம்மா?" என்றார். "என்ன படிச்சிருக்கீகன்னு நான் கேட்டதுக்கு இன்னும் நீங்க பதில் சொல்லலையே" என்றேன். யாரையோ தேடுகிற மாதிரி நகர்ந்துவிட்டார்.

அந்த போர்டு இன்னும் அங்கேயே தொங்குகிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், என் புருஷனிடம் என் வாயால் முதலில் சொல்ல வேண்டிய ஒன்றைப் பந்தியில் பரிமாறிவிட்டார்களே என்று இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது.