மூன்று பிஸ்கட்டுக்கு ஆறு கிராம்

எங்கள் வீட்டில் பிஸ்கட் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிப்பது என் வேலை. நான்காம் ஆண்டுப் பள்ளி ஆங்கிலம்தான். லாபிஸ் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு அதுவே பெரிய படிப்பு.

அப்பாவுக்கு இனிப்பு நீர் வியாதி. அடுத்த சோதனையில் குறையாவிட்டால் தினமும் ஊசிதான் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்கு ஊசி என்றால் நடுக்கம். ஆனால் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவரும் கிரீம் பிஸ்கட்டை விடவும் மனம் இல்லை. பார்த்துப் பார்த்து அலுத்துப்போன அம்மா ஒரு சட்டம் போட்டார். எதில் எவ்வளவு சீனி என்று நான் படித்துச் சொல்லாமல் எதுவும் அப்பா வாய்க்குள் போகக் கூடாது.

முதல் நாள் பொட்டலத்தைத் திருப்பினேன். சீனி என்ற வரியில் இரண்டு எண்கள் இருந்தன. நூறு கிராமுக்கு இருபது. ஒரு வேளைக்கு ஆறு. நான் இருபது என்றேன்.

அப்பாவின் முகம் வாடிவிட்டது. “அது யாராவது தடியனுக்குப் போட்டிருப்பான்மா. பக்கத்துல சின்னதா ஒண்ணு இருக்கே, அதைப் படி.”

“ஆறு.”

“கேட்டியா? ஆறு கிராம். ஒரு கரண்டிகூட முழுசா வராது.”

“எத்தனை பிஸ்கட்டுக்கு ஆறு?” என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார்.

“பொட்டலத்துக்கேதான்,” என்றார் அப்பா.

மூன்று பிஸ்கட்டுக்கு என்று அதற்கு மேலேயே போட்டிருந்தது. நானும் படித்திருந்தேன். ஆனால் நான் வாய் திறந்து ஒன்றைச் சொல்லி, ஒருவர் அதற்குச் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. பேசாமல் இருந்துவிட்டேன். அப்பா ஒரு வரிசையை முடித்துவிட்டு, எனக்கும் இரண்டு கொடுத்தார்.

“கலோரின்னு வேற என்னமோ இருக்குப்பா. நூத்தி நாப்பது.”

“அது வெயில்ல நடந்தா போயிரும்.”

இப்படியே மூன்று மாதம் போனது. நான் படிக்க, அவர் தின்ன, அம்மா தலையில் அடித்துக்கொள்ள. “ஆறு கிராம், ஆறு கிராம்னு அப்பனும் மகளும் பாட்டுப் பாடுங்க. கால்ல புண்ணு வரட்டும், அப்புறம் தெரியும்,” என்பார்.

சோதனை நாளில் அம்மா காலிப் பொட்டலங்களை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துக்கொண்டு எங்களோடு வந்தார். அப்பாவின் விரலில் குத்திப் பார்த்த நர்ஸ் மிசி தமிழ்ப் பெண்தான். எண்ணைப் பார்த்துவிட்டு, “ஏறியிருக்கே ஐயா, என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டார். அம்மா பையை அவர் மேசைமேல் கொட்டினார்.

அப்பா என்னைக் காட்டினார். “இவதான் மிசி படிச்சா. ஆறு கிராம்னுதான் சொன்னா.”

நான் என் சிலிப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிசி ஒரு பொட்டலத்தைத் திருப்பினார். “மூணு பிஸ்கட்டுக்கு ஆறு. நீங்க எத்தனை சாப்பிடுவீங்க?”

“எண்ணலையே.”

மிசி பெருமூச்சு விட்டு, ஊசிக்கான அட்டையை எடுத்தார். பெயர், வயது கேட்டு எழுதினார். “என்ன வேலை?”

“தோட்டத்துல ரப்பர் பால் நிறுக்கிறேன். ஒரு கிராம் முன்னபின்ன போகாது,” என்றார் அப்பா.

மிசியின் பேனா நின்றது. அவர் அம்மாவைப் பார்த்தார். “அதெல்லாம் மத்தவங்க பாலுக்கு மிசி,” என்றார் அம்மா.

வீடு வரும்வரை மோட்டார் சைக்கிளில் இருவருக்கும் நடுவே உட்கார்ந்து அழுதேன். அப்பாவுக்கு ஊசி வந்தது என்னால்தான் என்று நம்பினேன். இன்னும் நன்றாக ஆங்கிலம் படித்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று, மறுநாளிலிருந்து வெறி பிடித்ததுபோலப் படித்தேன். அந்த ஆண்டு ஆங்கிலத்தில் எனக்குப் பரிசுகூடக் கிடைத்தது. எண்களைப் படிக்க யாருக்கும் ஆங்கிலம் தேவையில்லை என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.