கோமுகி அணையில் கவிழ்ந்த குழம்பு

எலவனாசூர்கோட்டையில் மாடி வைத்த வீடு, இரண்டு லாரி, கள்ளக்குறிச்சி ரோட்டில் ஒரு நெல் அரவை மில். இத்தனையும் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட இந்தக் கை செய்தது. பாறை, தண்ணீர் வராது என்று எல்லோரும் உதட்டைப் பிதுக்கிய இடத்தில் போர் போட்டுக் கரும்பு வைத்தேன். கைநாட்டுக்கு மில் எதற்கு என்று கேட்டவர் வீட்டு நெல் இன்று என் மில்லில்தான் அரைபடுகிறது. இதையெல்லாம் யாரும் மறுப்பதில்லை. ஆனால் இதற்கெல்லாம் முன்னால், எட்டு வயதில் நான் செய்த காரியம் ஒன்று உண்டு. அதில் மட்டும் என் பேர் இல்லை.

அப்போது களமருதூரில் இருந்தோம். அம்மாவின் தம்பி, என் மாமா, கோமுகி அணை கட்டியபோது ஒரு கோடை முழுக்க அங்கே மண் சுமந்தவர். அதிலிருந்து அணையையே தான் கட்டியதாகப் பேச்சு. ஒரு ஐப்பசியில் கரும்பு லாரி ஒன்றைப் பேசிக்கொண்டு வந்து தெருவில் நின்று அறிவித்தார்.

"டேமு பாக்கறோம், நானே எல்லாம் வெளக்கி சொல்றேன். மத்தியானம் கறிக்கொழம்பு சோறு. சோத்தத் துன்னுட்டுக் கெளம்பினா பொழுது சாயறதுக்குள்ள வூடு."

கறிக்குழம்பு என்றதும் நடவுக்குப் போகிற சனம் மொத்தமும் லாரியில் ஏறியது. என் தங்கை அப்போது கைக்குழந்தை. அம்மா அவளையும் தூக்கிக்கொண்டாள்.

அணை மேல் மாமா நடந்த நடையைப் பார்க்க வேண்டும். இந்தக் கல் நான் வைத்தது, அந்த ஷட்டருக்கு அடியில் என் வேர்வை இருக்கிறது என்று ஒவ்வொரு இடமாக நிறுத்திச் சொன்னார். அணை தளும்ப நின்றது. கல்வராயன் மலை மேல் மேகம் கறுத்திருந்தது. வெள்ளிமலைப் பக்கம் ராத்திரியெல்லாம் மழை என்று யாரோ சொன்னார்கள்.

பிறகு அணைக்குக் கீழே ஆற்றுக்குள் இறங்கினோம். மணல் மெத்தை மாதிரி இருந்தது. ஓரமாக ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் தண்ணீர். நடுத்திட்டில் நின்ற கருவேல மரத்தில் அம்மா புடவையால் தூளி கட்டித் தங்கையைப் போட்டாள். பக்கத்திலேயே கல் கூட்டி அடுப்பு மூட்டினார்கள். வாழை இலை கழுவுவது என் வேலை. இலைக் கட்டைத் தண்ணீரில் போட்டு அதன் மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தேன்.

குழம்பு கொதித்து இறக்கிய நேரத்தில் அணைப் பக்கமிருந்து சங்கு ஊதியது. நீளமாக, விட்டு விட்டு ஊதியது.

எங்கள் ஊர் மில்லில் உச்சிப் பொழுதுக்குச் சங்கு ஊதும். அந்தச் சத்தம் கேட்டால்தான் வயலில் கை கழுவிச் சோற்றுக்கு உட்காருவார்கள். வேறு எதற்கும் சங்கு ஊதி அந்தச் சனம் கேட்டதில்லை.

"பாத்தியா, டேமுலயும் சோத்துக்கு சங்கு ஊதறான்! குந்துங்க, குந்துங்க" என்றார் மாமா.

பந்தி உட்கார்ந்தது. வெயில் இன்னும் உச்சிக்கு வரவில்லையே என்று எனக்குப் பட்டது. மிச்ச இலையை எடுக்கப் போனேன். கல்லைக் காணோம், முழுகியிருந்தது. கண்ணாடியாக ஓடிய தண்ணீர் செம்மண்ணாக வந்தது. நான் பார்க்கும்போதே இலைக்கட்டு கல்லுக்கடியிலிருந்து உருவிக்கொண்டு போயிற்று.

"மாமா, தண்ணி ஏறுது!"

"ஆத்துல தண்ணி ஏறாம தவுடா ஏறும்? எலையக் கொண்டாடா."

அம்மாவிடம் ஓடினேன். "பந்தி நடுவுல எழுந்திருக்கக் கூடாது. கம்முனு குந்து" என்றாள். சோறு பிசைந்த கை நிற்கவில்லை. திட்டைச் சுற்றி மணல் கறுத்துக்கொண்டே வந்தது. தூளி ஆடிக்கொண்டிருந்தது.

சொல்லிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. குழம்பு அண்டாவை இரண்டு கையாலும் தள்ளிக் கவிழ்த்தேன். கறியெல்லாம் மணலில் உருண்டது. பந்தி ஒரு கணம் வாய் திறந்து நின்றது. அதற்குள் தூளியிலிருந்து தங்கையை வாரிக்கொண்டு கரையைப் பார்த்து ஓடினேன்.

"கொழம்பக் கொட்டிட்டான் பாவி! மேல ஏறுங்கடா, புடிங்கடா அவன!" மாமா கரண்டியோடு வந்தார். குழந்தை, குழந்தை என்று கத்திக்கொண்டு அம்மா வந்தாள். எச்சில் கையோடு பந்தி மொத்தமும் பின்னால் வந்தது. முதலில் கறி வாங்கிவிட்ட பெரியப்பா மட்டும் இலையைத் தூக்கிக்கொண்டு வந்தார். முழங்கால் தண்ணீரில்தான் எல்லோரும் கரை ஏறினார்கள். அப்போதும் அவர்கள் கண் என் மேல்தான்.

மேட்டில் பிடித்தார்கள். முதல் அடி அம்மா அடித்தாள். இரண்டாவது அடிக்கு ஓங்கிய கை அப்படியே நின்றது. கீழே திட்டு இல்லை. அண்டா மிதந்து போனது. தூளிப் புடவை செந்தண்ணீரில் நீளமாக விரிந்து கிடந்தது.

மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். "நான்தான் கத்தினனே, மேல ஏறுங்கடான்னு."

கத்தியது உண்மைதான். அதற்குப் பின்னால் வந்த பாதியை அன்றைக்கே ஆற்றில் விட்டுவிட்டார்கள்.

திரும்பும்போது கச்சிராயபாளையத்தில் ஆளுக்கொரு பன்னு, அதுதான் மத்தியானச் சோறு. அம்மா தன் பன்னையும் எனக்கே கொடுத்தாள். ஆனால் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை வீடு வரும்வரை விடவில்லை. வளையல் அழுந்தித் தடம் விழுந்தது. குழம்பைக் கொட்டிய கோபம் இன்னும் தீரவில்லை என்றுதான் நினைத்தேன். நானும் பிள்ளை பெற்ற பிறகுதான் அது கோபமில்லை என்று தெரிந்தது. அதைச் சொல்ல அப்போது அம்மா இல்லை.

அந்தத் தங்கைக்கு இன்று பேரப்பிள்ளைகள். ஒவ்வொரு காதுகுத்திலும் செத்துப்போன மாமாவின் படத்தைக் காட்டி, ஆத்துல போக இருந்தவளைக் காப்பாத்தின தெய்வம் என்று கதை சொல்கிறார்கள். மாமாவுக்கு மாலை போடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. வர்ற தையில் கடைசிப் பேத்திக்குக் காது குத்துகிறார்கள். பிறந்த வீட்டுச் சீராக ஆட்டுக்கடா நான் கொண்டு வருகிறேன். ஆனால் அதை வெட்டிக் குழம்பு வைத்துப் பந்தியில் ஊற்றுவதற்கு முன், தங்கச்சி, நீயே எழுந்து நின்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொல்ல வேண்டும்: அன்றைக்கு அண்டாவைக் கவிழ்த்தவன் என் அண்ணன் என்று.