வாழைக்கறையால் வரைந்தது

ஓவியப் பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் எங்களுக்கு ஒரே ஒரு பெரிய வேலைதான். ஏதாவது ஒரு பொருளை வைத்துச் சோதனை செய்ய வேண்டும். நம்மைப் பாதித்த ஓவியம் எதுவென்று காட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சொந்தமாக ஒரு படவரிசை வரைய வேண்டும். நான் அக்ரிலிக் வண்ணத்தில் ஆரம்பித்தேன். இணையத்தில் பார்த்துப் பித்துப் பிடித்திருந்த ஒரு வெளிநாட்டு ஓவியரின் நீலத்தையும் தட்டையான முகங்களையும் அப்படியே இறக்கி வைத்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ் நெரிசலில் அந்தப் படங்களை நசுங்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

எங்கள் மேடம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "கை நல்லா வந்திருக்கு. ஆனா இதுல நீ எங்க இருக்க? அவருதான் இருக்காரு" என்றார்.

வகுப்பே கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வரும் வழியில் காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டேன். இதில் ஒன்றுகூட வேண்டாம், முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எதிலிருந்து என்றுதான் தெரியவில்லை. அந்த வாரக் கடைசியில் தோழி ஒருத்தி தொட்டியத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். தோட்டத்தில் வாழைத்தார் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் தூக்க உதவினேன். வெட்டுவாயிலிருந்து சொட்டிய பால் என் வெளிர் சுடிதாரில் விழுந்தபோது வெறும் தண்ணீர் போலத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்தபோது பழுப்பாகியிருந்தது. சோப்பு போட்டதும் இன்னும் கறுத்தது.

அம்மா தில்லை நகரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். கறை எடுப்பதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. அவரே கை விரித்துவிட்டார். "ரத்தக் கறையக்கூட எடுத்துருவேன்டி. இது போகாது. தூக்கிப் போடு."

நான் தூக்கிப் போடவில்லை. அந்தக் கறையின் ஓரம், கூரான பேனாவால் இழுத்த கோடு மாதிரி அத்தனை துல்லியமாக இருந்தது.

அதாலேயே வரைந்து பார்க்கிறேன் என்று நான் கேட்டதும், தோழி பாட்டிலில் வாழைப்பால் கொண்டுவர ஆரம்பித்தாள். முதல் பாட்டில் பஸ்ஸிலேயே திரிந்து நாறியது. காகிதத்தில் தடவினால் காகிதம் சுருங்கியது. தூரிகையின் மயிர்கள் ஒட்டிக்கொண்டு குச்சியாக விறைத்தன. பருத்தித் துணியில் கோடு ஊறிப் பரவியது. கஞ்சி போட்டுக் காயவைத்த துணியில்தான் கோடு நின்றது. ஆணியை ஊறவைத்த துருத்தண்ணீரைச் சேர்த்தபோது பழுப்பு சாம்பல் கறுப்பானது. அடுப்பங்கரை மேடை முழுக்க என் பாட்டில்கள்.

"இது சமையல் ரூமா, லேபா?" என்று அம்மா சத்தம் போட்டார். ஆனாலும் ஒன்றையும் கொட்டவில்லை.

பெரிய சிக்கல், வரையும்போது கோடு கண்ணுக்குத் தெரியாது. துணியை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்தால் ஈரம் மட்டும் மினுங்கும். கை தயங்கினால் அங்கே கறை திட்டாகிவிடும். ஒரே இழுப்பில் போட்டாக வேண்டும். அப்படி ஒரு கோட்டை எங்கே பார்த்திருக்கிறேன் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தின் ஓவிய விதானம் நினைவுக்கு வந்தது. சிறு வயதிலிருந்து அதற்குக் கீழே நடந்திருக்கிறேன், நின்று பார்த்ததில்லை. ஒரு மத்தியானம் போய் நின்றேன். பல இடங்களில் வண்ணம் உதிர்ந்து போயிருந்தது. வெளிக்கோடு மட்டும் மிச்சம். அந்த ஒற்றைக் கோட்டிலேயே இடுப்பு வளைந்தது, கை நீண்டது.

காவலுக்கு நின்றவர் வந்தார். "என்னம்மா, ரொம்ப நேரமா மேலயே பாத்துட்டு நிக்கிறீங்க?"

"படம் பாக்கறேண்ணே."

அவரும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "கழுத்து வலிக்கப் போகுது" என்று சொல்லி நகர்ந்தார். மனதில் பிடித்துக்கொண்டதை வீட்டில் வந்து போட்டுப் பார்ப்பேன். மறந்தால் மறுபடி போவேன். அங்கிருந்த கடவுள்களையோ அவர்களின் கதைகளையோ நான் எடுத்துக்கொள்ளவில்லை, கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். வரைந்தது, அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பார்த்த பெண்களை. ஸ்கேன் உறையை மடியில் வைத்திருந்தவர். பிளாஸ்க்கைக் கட்டிக்கொண்டே தூங்கிப்போனவர். டோக்கன் எண்ணைக் கூப்பிடும்போதெல்லாம் நிமிர்ந்தவர்.

தேர்வு நெருங்கும்போது இடி விழுந்தது. முதலில் வரைந்த துணிகள் நாளாக ஆகக் கறுத்து, கோடுகள் தடித்து, முகங்களே அழிந்துபோயின.

"விட்டுடுடி. அக்ரிலிக்ல திரும்பப் போட்டுடு. சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றாள் தோழி.

"முடியாது. பால்தான் வேணும். நாளைக்கு உங்க ஊருக்கு வரேன்."

போனேன். புதிதாகப் பால் எடுத்து வந்து, எவ்வளவு கறுக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் பண்ணி, கோட்டை மெலிதாக்கி எல்லாவற்றையும் திரும்ப வரைந்தேன். டூட்டி முடிந்து வந்த அம்மா, நான் கோடு போட வசதியாகத் துணியை விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"இது யாரு?"

"உன் வார்டுக்கு வெளியில உக்காந்திருந்தாங்களே."

பழுப்பேறத் தொடங்கியிருந்த கோடுகளை அம்மா குனிந்து பார்த்தார். "ஆமா, பிளாஸ்க்குக்காரம்மா. அவங்க வீட்டுக்காரர் நல்லாகி வீட்டுக்குப் போயிட்டாரு" என்றார். அதற்குப் பிறகு கையைத் தளர்த்தவேயில்லை.

தேர்வன்று புதிய படங்களை மாட்டினேன். பக்கத்திலேயே கெட்டுப்போன படங்களையும், பால் தடவிப் பார்த்த சோதனைத் துண்டுகளையும் வரைந்த வரிசையில் மாட்டினேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"இது இன்னும் கறுக்குமா?"

"கறுக்கும் சார்."

"கெட்டுப்போனதை எதுக்கு மாட்டியிருக்க?"

"அதைப் பாத்துதான் சார் இதை வரைஞ்சேன். அது இல்லாம இது இல்ல."

"இது எத்தனை நாள் தாங்கும்?"

"தெரியல சார். பாத்துக்கிட்டே இருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. சோதனைத் துண்டுகளிடம் திரும்பிப் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தார், பிறகு எழுதிக்கொண்டார். முதலிடம் ஒரு எண்ணெய் ஓவியத்துக்குப் போனது. எனக்கு இரண்டாமிடம். வருத்தம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

எல்லோரும் போன பிறகு மேடம் பிளாஸ்க்குக்காரம்மா படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். "அந்தச் சோதனைத் துண்டுகளை டிபார்ட்மென்ட்லயே விட்டுட்டுப் போறியா? அடுத்து வர்ற பசங்க பாக்கட்டும்."

"துண்டுகளைத் தரேன் மேடம். படங்கள் எனக்கு வேணும்" என்றேன்.