லண்டன் தேர்தலும் அம்மாவும்

தொண்ணூற்றேழில் பிரிட்டனில் பொதுத்தேர்தல் வந்தபோது எனக்குப் பத்து வயது. ஸ்காபரோவில் ஒரு மாடிக் கட்டடத்தின் ஒன்பதாவது தளத்தில் இருந்தோம். எங்களுக்குக் கனடாவிலேயே இன்னும் வாக்கு இல்லை. ஆனாலும் ஞாயிறுதோறும் அப்பாவும் நண்பர்களும் எங்கள் வீட்டில் கூடி லண்டனில் ஆட்சியைக் கவிழ்ப்பதும் அமைப்பதுமாக இருந்தார்கள்.

காரணம் என் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. லண்டனில் அவருடைய அகதி விண்ணப்பத்தை ஒருமுறை மறுத்துவிட்டார்கள். மேன்முறையீடு கிடப்பில் இருந்தது.

"ஆட்சி மாறினா ஒரு மாசத்திலை எல்லாருக்கும் விசா," என்றார் அப்பா.

"எங்கை மாறுறது? போனமுறையும் உப்பிடித்தான் சொன்னவை. பழைய ஆக்கள்தானே திரும்ப வந்தவை," என்றார் கீழ்வீட்டு அங்கிள்.

தேநீர் கொண்டுவந்த அம்மா அப்படியே நின்றார். ஊரில் அவர் குடியியல் படிப்பித்தவர். இங்கே பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார்.

"இந்தமுறை மாறும் அண்ணை. பெரிய வெற்றியாவே வரும். ஆனா தம்பியின்ரை ஃபைல் இப்ப கிடக்கிற மேசையிலைதான் கிடக்கும்."

"பிஸ்கட் பக்டரியிலை உதும் சொல்லித் தருகினமோ?" என்றார் அங்கிள். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும்தான். எனக்கு முகம் சுட்டது. அம்மா கோபிக்கவில்லை. என் கொப்பியை வாங்கித் தொகுதிகளைக் கட்டம் கட்டமாக வரைந்து, பாதி வாக்குக்கூட இல்லாத கட்சி எப்படி ஆசனங்களை அள்ளும் என்று காட்டினார். அவர்கள் பேச்சை மாற்றிவிட்டார்கள். நான் மட்டும் கடைசிக் கட்டம்வரை பார்த்தேன்.

தேர்தல் வியாழக்கிழமை வந்தது. அன்றும் எல்லோரும் எங்கள் வீட்டு டிவிக்கு முன்னால் கூடினார்கள். அங்கே இரவு பத்துக்கு வாக்களிப்பு முடியும்போது எங்களுக்கு மாலை ஐந்து மணி. சாப்பாட்டு நேரத்துக்குள் ஆளுங்கட்சி சரியத் தொடங்கிவிட்டது. அடுத்தடுத்துப் பெரிய தலைகளே விழுந்தன. கீழ்வீட்டு அங்கிள் எழுந்து, "ரீச்சர், நீங்கள் இதிலை இருங்கோ," என்று தன் கதிரையைக் கொடுத்தார். அம்மாவை இந்த நாட்டில் ஒருவர் அப்படி அழைத்து நான் கேட்டது அன்றுதான். அப்பா குசினிக்குப் போய்த் தேநீர் போட்டார். சீனி கூடிவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை.

பிறகு அப்பா மாமாவுக்கு ஃபோன் எடுத்து, "இனி உமக்குப் பயமில்லை!" என்று கத்தினார். அம்மா ஃபோனை வாங்கி, "சாப்பிட்டியே? நாளைக்கு மறக்காமல் லோயரிட்டைப் போ," என்றார். வென்றவர் பேசும் பேச்சா இது என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

மறுநாள் வகுப்பு முழுவதும் அம்மாவின் புகழ் பாடினேன். ஆறு மாதம் கழித்து, மாமாவை இன்னும் காத்திருக்கச் சொல்லிக் கடிதம் வந்தது தெரிந்ததும் ஓடிப்போய்க் கீழ்வீட்டு அங்கிளிடமும் சொன்னேன்: "பாத்தீங்களா, எங்கடை அம்மா சொன்ன ரெண்டும் சரி!"

இரண்டாவது பொய்யாகிப் போக வேண்டும் என்று அம்மா எவ்வளவு ஆசைப்பட்டிருப்பார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.