நிலவறைச் செடியும் ஆரஞ்சு ஒயரும்

நவம்பர் பிறந்துவிட்டால் ஓரெஸ்ட் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. எதிரே வருவது பாதிரியாராகவே இருந்தாலும் அவன் கேட்பது ஒன்றுதான்: "வண்டிக்கு ஒயர் மாட்டியாச்சா?" எழுபத்தொரு வயது ஆளைப் போய் அவன் இவன் என்பதா என்று முகம் சுளிக்க வேண்டாம். ஊரே அவனை அப்படித்தான் சொல்லும், அவனும் ஊரை அப்படித்தான் சொல்வான்.

கேட்பதற்கு அவனுக்கு உரிமை இருந்தது. கனடாவில் எங்கள் சஸ்காச்சுவான் மாகாணக் குளிரில் ராத்திரியெல்லாம் வெளியே நிற்கும் வண்டியின் எஞ்சின் எண்ணெய் பாகு மாதிரி இறுகிப்போகும். அதனால் இங்கே ஒவ்வொரு வண்டியின் மூக்கிலும் ஒரு பிளக் தொங்கும். அதை ஒயரில் மாட்டி மின்சாரம் கொடுத்து வைத்தால் எஞ்சின் வெதுவெதுப்பாக இருந்து காலையில் கிளம்பும். மாட்டாமல் தூங்கிப்போனவர்கள் மறுநாள் ஓரெஸ்டைத்தான் கூப்பிடுவார்கள். முப்பத்திரண்டு வருஷம் ஊராட்சிக்குப் பனி வாரும் வண்டி ஓட்டியவன். எத்தனை பேரை இழுத்துவிட்டிருப்பான், எத்தனை பேரை வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பான் என்று கணக்கே கிடையாது.

அவன் மனைவி லெசியாவுக்கு எலும்பில் புற்றுநோய் என்று தெரிந்தது ஆகஸ்டில். அக்டோபரில் வலி முற்றியது. மாத்திரை போட்டால் குமட்டிக்கொண்டு வரும், போடாவிட்டால் தலையணை நுனியைக் கடித்துக்கொண்டு விடியும்வரை கிடப்பாள். பக்கத்தில் படுத்திருப்பவனுக்கு அந்தச் சத்தம் கேட்காமலா இருக்கும்? கஞ்சா எண்ணெய் கொடுத்துப் பார்க்கலாம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

"கடையில புட்டில இருக்காம். வாங்கிட்டு வரட்டா?" என்று கேட்டான்.

"எவன் நட்டானோ, என்ன தண்ணிய ஊத்தினானோ," என்றாள் லெசியா. ஐம்பது வருஷமாகக் கடைப் பீட்ரூட்டை வாயில் வைக்காதவள். "நம்ம வீட்லயே வளர்த்துக்கலாம். வீட்டுக்கு நாலு செடி வச்சுக்கலாம்னு சட்டமே சொல்லுது."

"யாரு வளர்க்கறது?"

"நீதான்."

"நான் வளர்த்தது இந்தத் தொப்பை ஒண்ணுதான், லெசியா."

"அது நல்லாத்தானே வந்திருக்கு."

விதை கொடுத்தவன் லாய்ட். கூட்டுறவுக் கடையின் காப்பி மேசையில் நாற்பது வருஷமாக ஓரெஸ்டுக்கு எதிர் நாற்காலி. சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே அவன் வீட்டு நிலவறையில் செடி இருந்தது ஊருக்கே தெரியும், போலீஸ்காரருக்கும் தெரியும். நான்கு விதையைத் தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்தான். ஒரே வாரத்தில் மூன்று முளைகள் அழுகிப்போயின.

"தண்ணிய ஊத்தி ஊத்திக் கொன்னுட்டியேய்யா," என்றான் லாய்ட். "அது செடி, வாத்து இல்ல."

மிஞ்சியது ஒன்று. உருளைக்கிழங்கு மூட்டைக்கும் பீட்ரூட் ஊறுகாய் ஜாடிகளுக்கும் நடுவே, நிலவறையின் கோடியில், அதற்கு ஒரு விளக்கைக் கட்டித் தொங்கவிட்டான். லெசியாவால் படி இறங்க முடியாது. மேலே சோபாவில் படுத்தபடியே விசாரிப்பாள். எத்தனை இலை, தண்டு பருத்திருக்கிறதா, மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தாயா இல்லையா. அவன் மூச்சு வாங்க ஏறி வந்து பதில் சொல்வான். சில நாள் ஓர் இலையைக் கிள்ளிச் சாசரில் வைத்துக் கொண்டுவருவான். அவள் அதைக் கசக்கி முகர்ந்துவிட்டு, "நாத்தமாத்தான் இருக்கு. நல்லா வருது," என்பாள். வெளியே ஏழு மாதத்துக்குப் பச்சை என்று ஒன்று கண்ணில் படாத ஊரில், அந்த ஓர் இலை அவள் தலைமாட்டில் காய்ந்து சுருளும்வரை இருக்கும்.

மார்ச்சில் பூக்கும் என்று லாய்ட் சொல்லியிருந்தான். பூவை வெண்ணெயில் காய்ச்சிக் கொடுத்தால் அவள் ஒரு ராத்திரியாவது முழுசாகத் தூங்குவாள். ஓரெஸ்டுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு ராத்திரிதான். தேவாலயத்தில் மண்டியிட்டபோதும் அதற்கு மேல் அவன் கேட்கவில்லை.

ஜனவரிக் கடைசியில் செடி இலைகளைத் தொங்கப் போட்டது. விளிம்பெல்லாம் ஊதா.

"அதுக்குக் கால் குளிருதுய்யா," என்றான் லாய்ட். "சிமென்ட் தரையில வெறுங்காலோட நீ நிப்பியா?"

ஓரெஸ்ட் தொட்டியைத் தூக்கிப் பால் கிரேட்டின் மேல் வைத்தான். தன் பழைய கம்பளிக் காலுறையை வெட்டித் தொட்டிக்குச் சுற்றினான். செடி ஒரு வாரம் நிமிர்ந்து நின்றது. பிறகு பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு, மைனஸ் நாற்பத்திரண்டு டிகிரி குளிர் வந்தது.

நிலவறைச் சுவரில் உள்பக்கமே வெள்ளையாக உறைபனி படிந்துவிட்டது. சின்ன ஹீட்டர் ஒன்றைக் கொண்டுபோய் விளக்குக்குப் பக்கத்தில் மாட்டினான். பட்டென்று ஃபியூஸ் போனது. மறுபடி போட்டான், மறுபடி போனது. ஹீட்டருக்கான மின்சாரத்தை மாடியில் சமையலறையிலிருந்துதான் எடுக்க வேண்டும். அவ்வளவு தூரம் எட்டுகிற, அவ்வளவு பாரம் தாங்குகிற ஒயர் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது வாசலில், வண்டியின் மூக்கில் மாட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது. வியாழக்கிழமை மருத்துவமனைக்குப் போகும்வரை வண்டியை எடுக்கும் வேலையும் இல்லை. விடிந்ததும் புதுசு ஒன்று வாங்கிவிடலாம் என்று நினைத்தான்.

அந்த ஆரஞ்சு ஒயரை அவன் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தபோது லெசியா கண் அசந்திருந்தாள். சமையலறைத் தரை வழியாக, படி வழியாக, கீழே கொண்டுபோனான். ஹீட்டர் சிவந்தது. சாயங்காலத்துக்குள் இலைகள் கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி இருந்தன. படுபாவிக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

திங்கள் காலை ஏழரைக்கு லெசியாவுக்கு மூச்சு இழுத்தது. உதடு நீலம். ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்தான். நெடுஞ்சாலையில் விபத்து, வண்டி அங்கே போயிருக்கிறது, ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். மருத்துவமனை நாற்பது கிலோமீட்டர். அவளுக்குக் கோட்டு, தொப்பி, பூட்ஸ் எல்லாம் போட்டுச் சமையலறை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வெளியே ஓடினான்.

சாவியைத் திருப்பினான். எஞ்சின் ஒருமுறை முனகியது. இரண்டாம் தடவை அதுவும் இல்லை. ஊரில் பாதி வண்டிகளை உயிர்ப்பித்தவன், தன் வண்டியில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைக் குத்தினான்.

லாய்டுக்கு ஃபோன் செய்துவிட்டு உள்ளே வந்தான். லெசியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு பூட்ஸுக்கும் நடுவே அந்த ஆரஞ்சு ஒயர் போய்க்கொண்டிருந்தது.

"லெசியா, நான் வந்து..."

"கீழ போய்ப் பாத்தியா?" ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சை வாங்கி வாங்கிக் கேட்டாள். "உயிரோட இருக்கா?"

"இருக்கு."

"அப்ப சரி."

அவன் அவள் முன்னால் மண்டி போட்டு அழுதான். அவள் கையுறை போட்ட கையை அவன் தலையில் வைத்திருந்தாள். இருபது நிமிஷம் கழித்து லாய்ட் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"என்னய்யா இது, போயும் போயும் நீயா மாட்டாம விட்ட?"

ஓரெஸ்ட் வாயைத் திறப்பதற்குள் லெசியா முந்திக்கொண்டாள். "நான்தான் கழட்டினேன், லாய்ட். உள்ள வேண்டியிருந்துது. அவன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

லாய்டின் வண்டியில், மருத்துவமனைக்கு எட்டு கிலோமீட்டர் இருக்கும்போது, தானியக் கிடங்கு தெரிகிற திருப்பத்தில், அவள் ஓரெஸ்டின் தோளில் சாய்ந்தபடியே போய்விட்டாள். நேரத்துக்கு வந்திருந்தாலும் ஒரு வாரமோ பத்து நாளோதான் என்று டாக்டர் ஆறுதல் சொன்னார். பத்து நாள் என்றால் சும்மாவா? அவளோடு பத்து நாள். ஓரெஸ்டுக்கு அந்த ஆறுதல்தான் எல்லாவற்றையும்விட வலித்தது.

அடக்கம் முடிந்து, தேவாலயக் கூடத்தில் முட்டைக்கோஸ் உருண்டையும் ரொட்டியும் பரிமாறியபோது பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது அவன் காதில் விழுந்தது. "பாவம், அவளே கழட்டியிருக்கா. மாத்திரை மயக்கம்." அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டான். அன்று வாயைத் திறக்காதது மறுநாளும் திறக்கவிடவில்லை. ஒரு மாதம் கழிந்தபின் எந்த முகத்தோடு திறப்பது? ஒயர் மாட்டியாச்சா என்று யாரையும் கேட்பதையும் விட்டுவிட்டான்.

செடி மார்ச்சில் பூத்தது. சொல்லி வைத்த மாதிரி, கொத்துக் கொத்தாக. வீடு முழுக்க அந்த நாற்றம். அறுக்கச் சொல்லி லாய்ட் இரண்டு தடவை வந்தான். ஓரெஸ்ட் அறுக்கவில்லை, தண்ணீரும் ஊற்றவில்லை. நின்றவாக்கில் அது காய்ந்தது. மே மாதம் மண் இளகியதும் அவள் பீட்ரூட் பாத்தியில் வேரோடு புதைத்தான்.

மறு நவம்பர், முதல் மைனஸ் முப்பது. கூட்டுறவுக் கடையில் கல்லாவில் நிற்கும் ஜாய்ஸ், பள்ளிக்குப் புதிதாக வந்திருந்த டீச்சருக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். "சாயங்காலமே ஒயர மாட்டிடுங்கம்மா. மாட்டினதுக்கப்புறம் யாரையும் தொட விடாதீங்க. லெசியா பண்ண மாதிரி பண்ணிடாதீங்க."

காப்பி மேசையில் எல்லோரும் தலையாட்டினார்கள். ஊரில் அது ஒரு பேச்சாகவே ஆகியிருந்தது போலிருக்கிறது; ஓரெஸ்டுக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. ஐம்பது வருஷம் இந்த ஊருக்கே சதகுப்பைக் கீரையும் பீட்ரூட்டும் கொடுத்தவள் பெயருக்கு மிஞ்சியது இதுதானா? அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அவ கழட்டல," என்றான். "நான்தான் கழட்டினேன். நிலவறையில செடிக்கு ஹீட்டர் மாட்ட. அவ எனக்காகப் பொய் சொன்னா. நான் ஒம்பது மாசமா அதுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு இருந்தேன்."

லாய்ட் தன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான்.

"எனக்குத் தெரியும்யா. அந்த ஒயரத் தாண்டித்தானே அவளத் தூக்கிட்டு வந்தேன். அது நிலவறைக்குப் போச்சு, அவளால அந்தப் படிய இறங்க முடியாதே."

"அப்ப ஏன் சொல்லல?"

"அவ சொல்லாததை நான் எப்படிச் சொல்வேன்?"

ஓரெஸ்ட் எழுந்து கல்லாவுக்குப் போனான். டீச்சர் என்ன செய்வதென்று தெரியாமல் பையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "ஒயர் மாட்டியாச்சாம்மா?" என்று அவளைக் கேட்டான். இல்லை என்றாள். அவனே வெளியே போய், அவள் வண்டியின் பிளக்கை இழுத்து எப்படி மாட்டுவது என்று காட்டிவிட்டு வந்தான்.

இப்போது எங்கள் ஊரில் ஜாய்ஸ் முதல் பாதிரியார் வரை எல்லோரும் சொல்வது, "ஓரெஸ்ட் பண்ண மாதிரி பண்ணிடாதீங்க" என்றுதான். அவன் எதிரிலேயே சொல்கிறார்கள். யாராவது பழக்கத்தில் லெசியா என்று ஆரம்பித்தால் அவன் குறுக்கே புகுந்து பெயரைத் திருத்துகிறான்.