பெஞ்சுக்கு அடியில் ஓடும் கார்

அனுஷியா எண்ணெய் வைத்த தலையில் ஒரு கைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அதற்கு மேல்தான் ஹெட்செட்டை மாட்டுகிறார். "அடுத்தவங்க சாமான், எண்ணெ பட்டா அசிங்கம்" என்கிறார். பிறகு ஓர் இஞ்சி டொபியைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு, கையில் ரிமோட்டோடு நாற்காலியின் நுனிக்கு வருகிறார். அதன் பிறகு அந்த அறையில் நாங்கள் இருப்பதே அவருக்கு நினைவில் இருக்காது.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், இரண்டாம் மாடியில் இருக்கும் டியூஷன் வகுப்பு அது. ஞாயிறு மூன்று மணிக்குப் பிள்ளைகள் போனதும் பந்தயத் திடலாகிவிடும். கார் உள்ளங்கை நீளம்தான். அதன் மூக்கில் பட்டாணி அளவில் ஒரு கமரா. கமரா காண்பதெல்லாம் ஓட்டுபவரின் ஹெட்செட்டுக்குள் விரியும்; காருக்குள் தானே குந்தியிருப்பது போல இருக்கும். காலி வீதியில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் சாரங்கன்தான் இந்தக் கூத்தைத் தொடங்கியவர். ஏழெட்டுப் பேர் கூடுவோம். நான் ஓடினால் எப்போதும் கடைசி. அதனால் பார்ப்பதில் தேர்ந்துவிட்டேன்.

வகுப்பின் போட்டோகொப்பி மெஷின் அனுஷியாவின் பொறுப்பு. காலையில் கூட்டிப் பெருக்குவதும் அவர்தான். நாற்பத்தொரு வயது. ஹட்டன் பக்கம் பிறந்தவர், இப்போது வீடு கொட்டாஞ்சேனையில். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஒரு ஞாயிறு வினாத்தாள் அடிக்க நின்றவரை, ஆள் குறைகிறதென்று சாரங்கன் கூப்பிட்டு உட்கார்த்தினார். அவர் இரண்டு சுற்று ஓடிவிட்டு, தலை சுற்றி எழுந்து போய் வாந்தி எடுத்தார். இனிமேல் இந்தப் பக்கம் திரும்பமாட்டார் என்றுதான் நினைத்தோம். அடுத்த ஞாயிறு ஒரு பை நிறைய இஞ்சி டொபியோடு வந்து நின்றார்.

"எட்டு வருஷமா நான் கூட்டுற ரூம்ங்க இது. கீழ போயிப் பாத்தாத்தான் தெரியுது, எம்மாம் பெரிய ஊருன்னு!"

கார் பெஞ்சுக்கு அடியில் நுழைந்தால் அவர் தலையைக் குனிவார். பென்சில் சீவல் மேல் ஏறினால் நாற்காலியில் ஓர் அங்குலம் எழும்புவார். காரோடு வாய் ஓயாமல் பேசுவார்: "ஒதுங்கிக்க தங்கம், அந்தாளு வர்றான் பாரு." ஒரு முறை பந்தயத்தில் எல்லோருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்திவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். "பெஞ்சுக்கு அடியில புள்ளைங்க எழுதி வச்சிருக்குதுங்க, 'சேர், பசிக்குது'ன்னு!" அந்தப் பந்தயத்தில் அவருக்குக் கடைசி இடம். எனக்குக் கடைசிக்கு முந்தியது. அன்றைக்கு நான் வீட்டுக்கு நிமிர்ந்து போனேன்.

சொந்தமாகக் கார் இல்லாததுதான் அவருடைய குறை. யாராவது வராவிட்டால்தான் அவருக்கு முறை கிடைக்கும். எல்லோரும் வந்த நாட்களில் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பார். "பரவால்லங்க, நீங்க ஓட்டுங்க" என்பார். ஆனால் அவருடைய இரண்டு பெருவிரல்களும் சும்மா இருக்காது.

போன மாதம் சாரங்கன் ஒரு புதுப் பெட்டியோடு வந்தார். உள்ளே புதுக் காரும் ஹெட்செட்டும். இன்றைக்கு வெல்பவர் இதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார். தான் மடிகணினியில் எல்லோருடைய படத்தையும் பார்த்து நடுவராக இருக்கப் போவதால், தன் காரை அனுஷியாவிடம் கொடுத்தார்.

இறுதிச் சுற்றுக்கு இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் அனுஷியா. மற்றவர் பௌஸி, மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவர், மூன்று முறை வென்றவர். முதல் வரிசை பெஞ்சுகளுக்கு அடியால் போய், கதவைத் தாண்டி, நடையில் உள்ள தண்ணீர் ஃபில்டரைச் சுற்றி, கடைசி வரிசைக்கு அடியால் திரும்பி, இடப்பக்கம் வளைந்து, ஒரு பலகை மேல் ஏறி இறங்கினால் சோக்கட்டியால் போட்ட எல்லைக் கோடு. அப்படி மூன்று சுற்று.

மூன்றாவது சுற்றில் ஃபில்டரைச் சுற்றும்போது அனுஷியாவின் கார் ஒரு பெஞ்சு நீளம் முன்னால் இருந்தது. நாங்கள் எல்லோரும் எழுந்துவிட்டோம். அப்போது மடிகணினியில் அவருடைய கமராப் படம் கறுத்துப் போனது.

"அக்கா, படம் போயிட்டுது. கையத் தூக்குங்கோ" என்று சாரங்கன் கத்தினார். "நிப்பாட்டிப் போட்டுத் திருப்பி ஓடலாம்!"

விதி அதுதான். கையைத் தூக்கினால் பந்தயம் நிற்கும். இருவரும் மறுபடி கோட்டிலிருந்து புறப்படுவார்கள். அந்த ஒரு பெஞ்சு நீளம் இல்லாமல் போகும். தூக்காமல் ஓட்டி எங்காவது முட்டிக் கவிழ்ந்தால் அதோடு தோல்வி.

அனுஷியா கையைத் தூக்கவில்லை.

"நிப்பாட்டாதீங்க! யாரும் சத்தம் போடாதீங்க, எனக்குக் காது வேணும்!"

கார் சீமெந்து நடையிலிருந்து அறைக்குள் வந்தது. டைல்களின் இணைப்புகள் டக், டக், டக்கென்று கேட்டன. அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒவ்வொன்றுக்கும் உதட்டை அசைத்தார். நான்காவது பெஞ்சைத் தாண்டினால் ஒரு டைல் கழன்று ஆடும். தினமும் விளக்குமாறு தட்டும் இடம், அவருக்குத் தெரியாததா? 'டொக்' என்றது. அங்கிருந்து இரண்டு டைல் தள்ளித்தான் வளைவு. அந்த நேரம் பார்த்துக் கடலோரத்துத் தண்டவாளத்தில் பாணந்துறைப் பக்கம் போகும் ரயில் ஊதிக்கொண்டு வந்தது. அறை முழுக்க ரயில். காரின் சத்தம் அதில் கரைந்துபோனது. பின்னால் பௌஸியின் கார் நெருங்கிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு... ரெண்டு..." என்று அனுஷியா எண்ணி, முழு உடம்பையும் இடப்பக்கம் சாய்த்தார்.

கார் திரும்பியது. பெஞ்சுக் காலில் ஒரு பக்கம் உரசி, ஒரு சக்கரம் மேலே தூக்கி, விழப்பார்த்து, நிமிர்ந்தது. பலகையில் ஏறியது, இறங்கியது. கோட்டைத் தாண்டியது. பௌஸியின் கார் ஒரு சாண் பின்னால் வந்து சேர்ந்தது.

நாங்கள் கத்திய கத்து ரயிலையும் மிஞ்சியது. அனுஷியாவுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. இருட்டுக்குள் இருந்துகொண்டு இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தார். கார் நேரே வந்து அவருடைய காலிலேயே முட்டியது.

"ஐயோ, யாருங்க?" என்று காலைத் தூக்கிக்கொண்டு ஹெட்செட்டைக் கழற்றினார்.

"ஒங்கட கார்தான் அக்கா!" பௌஸி தன் ஹெட்செட்டைக் கழற்றி எறியாத குறையாக எழுந்தார். "படம் இல்லாமயா ஓட்டினீங்க? மாஷா அல்லாஹ்! நான் கண்ணத் தொறந்துக்கிட்டே தோத்திட்டேனே!"

சாரங்கன் பெட்டியைக் கொண்டுவந்து அனுஷியாவின் மடியில் வைத்தார். "இனி ஆராவது வராமல் இருக்கோணும் எண்டு பாத்துக்கொண்டு நிக்கத் தேவையில்லை அக்கா. இது உங்கட." அனுஷியா பெட்டியைத் திறக்கவில்லை. இரண்டு கைகளாலும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். ஹெட்செட் அழுத்திய தடம் அவர் கண்களைச் சுற்றிச் சிவந்திருந்தது.

பிறகு கைப்பேசியில் கணவரை அழைத்தார். இராமர் ஒருகொடவத்தையில் கொண்டெய்னர் லொறி ஓட்டுகிறார், ஞாயிறும் வேலை. மறுபக்கம் இஞ்சின் இரைச்சலுக்கு மேலே அவர் குரல் எங்களுக்கே கேட்டது: "என்னாம்மா? என்னா ஆச்சு?"

அனுஷியா கைப்பேசியைக் கை எட்டுமட்டும் எங்கள் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தரம் கத்துங்கள் என்று தாடையால் சைகை காட்டினார்.