பின்விளக்கு பார்த்த பாமா

மராட்டிய மண்ணில் இருக்கிற தேஹு ரோடில் பாமாவிடம் என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டால், டிரெய்லருக்குப் பின்னால் நிற்கிற வேலை என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். புதுக் கார்களை ஏற்றிப்போகிற நீளநீளமான டிரெய்லர்கள் நெடுஞ்சாலை ஓரம் வரிசைகட்டி நிற்கும். அவள் புருஷன் துரைசாமி அவற்றுக்கு லைட் வயரிங் செய்கிறவன். வயரை எவ்வளவு பதமாக இழுத்து டேப் சுற்றினாலும், முன்னால் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கிறவனுக்குப் பின்னால் விளக்கு எரிந்ததா என்று எப்படித் தெரியும்? பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். தொண்ணூற்று மூன்றில் சேலத்திலிருந்து தாலியோடு வந்து இறங்கிய நாளிலிருந்து அந்த ஆள் பாமாதான்.

“லெப்ட்டு?”

“எரியுதுங்க!”

“பிரேக்கு?”

“ரெண்டும் எரியுதுங்க!”

அவள் குரல் சாலை இரைச்சலைத் தாண்டிப் போய் அவன் காதில் விழும்.

எட்டு வருஷம் இப்படிப் போனது. அப்புறம் சர்க்கரை வியாதி வந்து அவள் கண்ணில் உட்கார்ந்தது. முதலில் மங்கல், பிறகு புகை. யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. துரைசாமி கை வைத்த வயர் பிசகாது என்கிற ஒரே நம்பிக்கையில், தெரியாவிட்டாலும் எரியுது என்றே சொல்லிவந்தாள்.

ஒருநாள் அவன் பிரேக்கை மிதித்தான். “எரியுதுங்க!” என்றாள். இறங்கி வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். டிரெய்லரின் பிளக், முன்வண்டியில் மாட்டாமல் மண்ணில் கிடந்தது.

“பிளக்கே போடலியே பாமா. எது எரிஞ்சுது?”

குரல் வந்த திசையைத் தேடி அவள் கையை நீட்டித் துழாவினாள். அவனுக்குப் புரிந்துவிட்டது.

“பின்னால பைக்ல வர்றவன் எவ பெத்த புள்ளயோ. விளையாட்டா இது? நாளையிலருந்து நீ வூட்லயே இரு.”

“வூட்ல இருந்து சுவத்தப் பாக்கவா? அதுந்தான் தெரியலையே,” என்றாள். சிரிப்பாகச் சொல்லத்தான் நினைத்தாள், முடியவில்லை. அன்று இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

மறுநாள் விடிந்ததும் அவனுக்கு முன்னால் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று அவன் சொல்லச் சொல்லக் கேளாமல் கூடவே போனாள். பிரேக் விளக்கைத் தடவிக் கண்டுபிடித்து உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். “மிதிச்சுக்கிட்டே இருங்க, சூடு ஏறட்டும்.” கொஞ்ச நேரம் கழித்துக் கத்தினாள்: “இது எரியுது. அடுத்ததுக்குப் போறேன்!” அவன் வந்து பார்த்தான். எரிந்துகொண்டுதான் இருந்தது.

அதன்பின் ஏழு வருஷம் அந்தக் கை ஒருமுறைகூடத் தப்பாகச் சொல்லவில்லை. டிரைவர்கள் அவசரப்படுவார்கள். “சூடு வராம நான் சொல்லமாட்டேன், போ,” என்பாள்.

இரண்டாயிரத்து எட்டு, ஒரு மத்தியானம். வண்டிக்காரன் கொண்டுவந்து கொடுத்த புதுமாதிரி விளக்கை துரைசாமி மாட்டினான். பல்பு இல்லாமல் பொட்டுப்பொட்டாக எரிகிற எல்.இ.டி. ஜாதி. பாமா கை வைத்தாள். ஐம்பது எண்ணினாள். நூறும் எண்ணினாள்.

“எரியலைங்க. வயரப் பாருங்க.”

டிரைவரை மிதிக்கச் சொல்லிவிட்டு அவன் இறங்கினான். பிளக் சரியாக இருந்தது. பின்னால் வந்தான். அவள் விரல் இடுக்கெல்லாம் செக்கச்செவேலென்று வெளிச்சம்.

வண்டியின் கிளீனர் பின்னால் வந்து எட்டிப் பார்த்து, எரியுதே சித்தி என்று இந்தியில் சொல்லிச் சிரித்தான். “ஜல் ரஹா ஹை, மௌசி!”

“எரியுதாங்க?” என்று துரைசாமி நின்ற பக்கம் திரும்பிக் கேட்டாள்.

இல்லை என்று சொல்லிவிடலாமா என்று அவனுக்கு ஒரு கணம் தோன்றியது. முடியவில்லை.

“எரியுது பாமா. இது சூடாவாதாம்.”

“இனிமே எல்லாம் இதானா?”

“இதான் வருதாம்.”

கை அப்படியே கொஞ்ச நேரம் விளக்கின் மேல் இருந்தது. பிறகு எடுத்து, முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“அப்ப டிரைவரையே இறங்கிப் பாக்கச் சொல்லுங்க.”

தோளைப் பிடிக்க வந்தவனைத் தட்டிவிட்டாள். “வழி எனக்குத் தெரியும்.” டிரெய்லரின் பக்கவாட்டைத் தொட்டுக்கொண்டே முன்பக்கம் நடந்தாள். வெயிலில் நின்ற இரும்பு, கடைசிவரை உள்ளங்கையைச் சுட்டது.